வீழும் நீரும் சுழலும் சக்கரமும்: எந்திர ஆற்றல் என்னும் கருத்து வளர்ந்த வரலாறு

முன்னுரை

வெள்ளி விழாக் காணும் நம் கல்விக் கழகத்தின் மலரில் இயற்பியல் பற்றிய கட்டுரை எதற்கு எனச் சிலர் வினவலாம். நம் தலைவர்களின் தொண்டினையும் நம் மக்களின் போராட்டங்களையும் எழுதுதற்கே பக்கங்கள் போதாத இம்மலரில், பள்ளிப் பாடநூலில் காணப்படும் ஒரு பாடத்திற்கு என்ன வேலை? இவ்வினாவிற்கு விடை, 'வேலை' என்னும் அச்சொல்லிலேயே இருக்கின்றது.

ஆற்றல் என்பது வேலை செய்யும் திறமை என்று இயற்பியல் வரையறுக்கின்றது. வேலை என்னும் சொல்லோடு நம் மக்களுக்குள்ள உறவு பல நூற்றாண்டு உறவாகும். ஏற்றம் மிதித்து நீர் இறைத்தவர்களும், மண் சுமந்து கரை உயர்த்தியவர்களும், கல் உடைத்துப் பாதை அமைத்தவர்களும் நம் முன்னோர். கைகள் வேலையை அறிந்திருந்தன. ஆனால் வேலையை அளந்து எழுதும் ஏடு அக்கைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்கப்பட்டிருந்தது.

எந்திர ஆற்றல் என்னும் கருத்து உருவான வரலாற்றைப் படிப்போர் ஓர் உண்மையைக் காண்பர். ஏடும் கருவியும் பிரிந்து கிடந்த காலம் வரை இக்கருத்து முழுமை பெறவில்லை. அவ்விரண்டும் ஒருவர் கையில் சேர்ந்தபோதுதான் அது தெளிவு பெற்றது. அவ்வாறு சேர்த்தவர்களில் சிலர், கற்றோர் அவையின் கதவுகளுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு வடிவங்கள்

வரலாற்றினுள் புகுமுன் கருத்தினைத் தெளிவாக்கிக் கொள்வோம். எந்திர ஆற்றலுக்கு இரண்டு அடிப்படை வடிவங்கள் உண்டு. ஒரு பொருள் தான் இருக்கும் நிலையினால் பெற்றிருப்பது நிலை ஆற்றல். இயங்குவதனால் பெற்றிருப்பது இயக்க ஆற்றல். உயரத்தில் தேங்கிய நீர், இழுத்து வளைத்த வில், முறுக்கிய கடிகாரச் சுருள் ஆகியவை நிலை ஆற்றல் உடையன. ஓடும் வண்டியும், வீசும் காற்றும், பாயும் வெள்ளமும் இயக்க ஆற்றல் உடையன.

பத்து மீட்டர் உயரமுள்ள தென்னையில் ஒன்றரைக் கிலோகிராம் நிறையுள்ள தேங்காய் ஒன்று தொங்குவதாகக் கொள்வோம். நிறை, புவியீர்ப்பு முடுக்கமாகிய 9.8, உயரம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் 147 ஜூல் என வரும். அதுவே அக்காயின் நிலை ஆற்றல். காம்பு இற்றுக் காய் விழும்போது, பாதி வழியில் 73.5 ஜூல் நிலை ஆற்றலாகவும் 73.5 ஜூல் இயக்க ஆற்றலாகவும் இருக்கும். தரையைத் தொடும் கணத்தில் அதன் வேகம் நொடிக்கு 14 மீட்டர். நிறையை வேகத்தின் இருமடியால் பெருக்கிப் பாதியாக்கினால் அதே 147 ஜூல் கிடைக்கும். காற்றின் சிறு தடையை நீக்கிப் பார்த்தால், வழியில் எந்த இடத்தில் கணக்கிட்டாலும் இரண்டின் கூட்டுத்தொகை மாறுவதில்லை. இழந்ததென ஏதுமில்லை, ஒரு வடிவம் குறைய மற்றொரு வடிவம் வளர்கின்றது.

இன்று எட்டாம் வகுப்பு மாணவனும் மாணவியும் சில நிமிடங்களில் போட்டு முடிக்கக்கூடிய இக்கணக்கிற்குப் பின்னால் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு உழைப்பு இருக்கின்றது.

நெடிய வழக்கு

1638 இல் வெளிவந்த தம் நூலில் இத்தாலியப் பேரறிஞர் கலிலியோ ஊசல் ஒன்றைப் பற்றி எழுதினார். நூலில் கட்டிய குண்டு ஒரு பக்கம் எந்த உயரத்திலிருந்து விடப்படுகிறதோ, மறுபக்கம் ஏறத்தாழ அதே உயரத்திற்கு ஏறுகின்றது. நடுவழியில் ஆணி ஒன்றை அடித்து நூலைத் தடுத்தாலும், குண்டு வேறு வளைவில் சென்று அதே உயரத்தை எட்டுகின்றது. வீழ்ச்சியில் பெற்ற ஏதோ ஒன்று ஏற்றத்தில் செலவாகின்றது என்பது இதனால் புலப்பட்டது. அந்த 'ஏதோ ஒன்று' யாது என்பதே அடுத்த நூறாண்டின் வழக்காயிற்று.

பிரெஞ்சு அறிஞர் தெக்கார்த்தே 1644 இல் ஒரு விடை கூறினார். பொருளின் அளவை வேகத்தால் பெருக்கினால் வருவதே இயக்கத்தின் அளவு என்றும், உலகில் அதன் மொத்தம் மாறாது என்றும் அவர் கொண்டார். 1686 இல் ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்சு இதனை மறுத்தார். அவர் காட்டிய சான்று மிக எளியது. ஒரு பவுண்டு எடையை நான்கு முழம் தூக்குவதற்கும், நான்கு பவுண்டு எடையை ஒரு முழம் தூக்குவதற்கும் வேண்டிய முயற்சி ஒன்றே. இதனைச் சுமை தூக்குவோர் அனைவரும் ஒப்புவர். ஆகவே, அவை திரும்ப விழும்போது பெறும் வலிமையும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். நான்கு முழம் விழும் பொருள், ஒரு முழம் விழுவதைப் போல இருமடங்கு வேகமே பெறும் என்பதைக் கலிலியோ முன்னரே காட்டியிருந்தார். தெக்கார்த்தேயின் கணக்குப்படி முதல் பொருளுக்கு இரண்டு, அடுத்ததற்கு நான்கு என வந்து கணக்கு உதைக்கின்றது. வேகத்தை இருமடியாக்கிப் பெருக்கினாலோ இரண்டிற்கும் நான்கே வருகின்றது. இவ்வாறு கிடைத்த அளவிற்கு 'உயிர் விசை' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரை லைப்னிட்சு சூட்டினார்.

அறிஞர் உலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றது. பின்னாளில் நோக்கும்போது இரு கட்சியும் ஒவ்வோர் உண்மையைப் பற்றியிருந்தன என்பது தெரிகின்றது. வேகத்தோடு திசையையும் சேர்த்துக் கணக்கிட்டால், தெக்கார்த்தே தேடிய அளவு இன்று நாம் உந்தம் என்பது. லைப்னிட்சு கண்டது இயக்க ஆற்றலின் முன்வடிவம். ஆனால் அன்று வழக்கைத் தீர்க்கச் சொல் போதவில்லை, சோதனை வேண்டியிருந்தது.

கதவு திறவாத அவை

அச்சோதனையை ஆலந்து நாட்டின் லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிரேவசாண்டு 1722 அளவில் நிகழ்த்தினார். பித்தளைக் குண்டுகளை வெவ்வேறு உயரங்களிலிருந்து மென்மையான களிமண்ணின்மீது விழச் செய்து, ஏற்பட்ட பள்ளங்களை ஒப்பிட்டார். வேகம் இருமடங்கானபோது பள்ளம் நான்கு மடங்காயிற்று. களிமண்ணே லைப்னிட்சின் பக்கம் சாட்சி கூறியது.

இச்சான்றினைக் கைக்கொண்டு, பிரான்சு நாட்டில் புதிய கொள்கைக்காக வாதாடியவர் எமிலி து சாத்தலே அம்மையார் (1706–1749). தம் மகனுக்குப் பாடநூலாக எழுதத் தொடங்கி, 1740 இல் 'இயற்பியல் அடிப்படைகள்' எனப் பொருள்படும் நூலை அவர் வெளியிட்டார். அதன் இறுதியில் உயிர் விசை பற்றிய வழக்கை எடுத்துரைத்தார். பாரிசு அறிவியல் அகாதமியின் செயலாளராக விளங்கிய மேரான் மறுப்பு எழுதினார். அம்மையார் அதற்கும் அச்சில் மறுமொழி கொடுத்தார். நியூட்டனின் பெருநூலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து விளக்கவுரையும் எழுதினார். அப்பணி முடியும் தறுவாயில், மகப்பேற்றை அடுத்து 1749 இல் காலமானார். அம்மொழிபெயர்ப்பு 1759 இல் முழுமையாக வெளிவந்தது.

இவ்வளவு செய்தும் பாரிசு அகாதமியில் உறுப்பினராக அவர் அமர இயலவில்லை. காரணம், அவர் பெண். இத்தாலியில் பொலோனா அகாதமி 1746 இல் அவரை உறுப்பினராக ஏற்றது. பாரிசு அகாதமி ஒரு பெண்ணை முழு உறுப்பினராக ஏற்றதோ 1979 இல்தான். சாத்தலே அம்மையார் செல்வக் குடியில் பிறந்தவர். அவர் பட்ட தடையும் சாதியால் நாம் பட்ட தடையும் ஒன்றல்ல. எனினும் பிறப்பினைக் காட்டி அறிவின் வாயிலை அடைப்பவர் எந்நாட்டிலும் உளர் என்பதும், அடைத்த வாயிலைக் கடந்தும் உண்மை வெளிவரும் என்பதும் இதனால் விளங்குகின்றன.

ஆலையும் பட்டறையும்

அறிஞர்கள் வாதிட்டுக் கொண்டிருந்த காலத்தில், ஆறுகளின் ஓரத்தில் சக்கரங்கள் சுழன்றுகொண்டிருந்தன. மாவு அரைக்கவும், சுரங்க நீர் இறைக்கவும், இரும்பு அடிக்கவும் நீர்ச்சக்கரமே துணை. எச்சக்கரம் மிகுதியாக வேலை செய்யும் என்பது அங்கு வயிற்றுப்பாட்டுக் கேள்வியாக இருந்தது. இங்கிலாந்துப் பொறியாளர் ஜான் சுமீட்டன் சிறு மாதிரிச் சக்கரங்களைச் செய்து, விழும் நீரின் எடையையும் உயரத்தையும், சக்கரம் தூக்கிய எடையையும் உயரத்தையும் அளந்தார். 1759 இல் அவர் வெளியிட்ட முடிவு யாதெனில், மேலிருந்து நீர் கொட்டும் சக்கரம், அடியில் நீர் மோதித் தள்ளும் சக்கரத்தைவிட ஏறத்தாழ இருமடங்கு பயன் தரும் என்பது. மோதலில் நீரின் ஆற்றல் சிதறி வீணாகின்றது. மெல்ல இறங்கும் எடை வீணின்றி உழைக்கின்றது. நிலை ஆற்றலுக்கும் இயக்க ஆற்றலுக்கும் பெயர் தோன்றுமுன்னே, அவற்றின் கணக்கு ஆலையில் எழுதப்பட்டுவிட்டது.

பின்னர் நீராவி எந்திரம் வந்தது. எந்திரத்தை விற்க முற்பட்ட ஜேம்சு வாட், அது எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என வாங்குவோர்க்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயர்த்துவது ஒரு குதிரைத் திறன் என அவர் வகுத்தார். இன்றும் நீர் இறைக்கும் மோட்டாரின்மேல் அப்பெயரைக் காண்கிறோம்.

1829 இல் பிரெஞ்சுப் பொறியியல் அறிஞர் கொரியோலிசு, எந்திரங்களின் பயனைக் கணக்கிடும் நூல் ஒன்றை எழுதினார். விசையையும், அவ்விசையின் திசையில் பொருள் நகர்ந்த தொலைவையும் பெருக்கினால் வருவதற்கு, உழைப்பாளர் வழங்கும் 'வேலை' என்ற சொல்லையே அவர் அறிவியல் சொல்லாக்கினார். வேலையோடு ஒத்து வருமாறு உயிர் விசையைப் பாதியாகக் கொண்டவரும் அவரே. இயக்க ஆற்றலின் வாய்பாட்டில் 'பாதி' இருப்பதன் காரணம் இதுவே.

இங்கு நம் இளைஞர்கள் ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். 20 கிலோகிராம் நீரை ஐந்து மீட்டர் ஆழத்திலிருந்து ஏற்றத்தால் தூக்கினால் செய்த வேலை 980 ஜூல். ஒரு நாளில் 500 சால் இறைத்தால் 4,90,000 ஜூல். இறைத்தவர் யார், அவர் எந்தத் தெருவில் வாழ்பவர் என்று இக்கணக்கு கேட்பதில்லை. ஆயினும் இயற்பியலின் வேலை, கூலிக்கு அளவுகோல் அன்று. தலையில் சுமையுடன் சமதரையில் நடப்பவர் அச்சுமையின்மீது புவியீர்ப்பை எதிர்த்துச் செய்யும் வேலை சுழி என்றே இயற்பியல் கூறும். அவர் உடல் களைப்பதோ மெய். தசைகள் ஆற்றலைச் செலவிட்டு வெப்பமாக்குகின்றன. ஆகவே, ஒரு சொல் ஏட்டில் என்ன பொருள் தருகிறது, வாழ்வில் என்ன பொருள் தருகிறது என்பதைப் பகுத்தறிதல் கல்வியின் முதற்பயன் ஆகும்.

காற்றாலைக்காரரின் கணிதம்

இவ்வரலாற்றில் நம் நெஞ்சைத் தொடுபவர் ஜார்ஜ் கிரீன் (1793–1841). இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் ரொட்டி சுடுபவரின் மகனாகப் பிறந்தார். எட்டு வயதில் பள்ளிக்குச் சென்றவர், ஏறத்தாழ ஓராண்டே கற்றார். பின்னர் தந்தையின் ரொட்டிக் கடையிலும், 1807 இல் தந்தை கட்டிய காற்றாலையிலும் உழைத்தார். காற்றின் இயக்க ஆற்றலால் கல்லைச் சுழற்றி மாவரைக்கும் ஆலை அது.

அந்நகரில் சந்தா செலுத்துவோரின் நூலகம் ஒன்று இருந்தது. 1823 இல் கிரீன் அதில் சேர்ந்தார். ஐந்தாண்டு கழித்து, 1828 இல், மின்னியலுக்கும் காந்தவியலுக்கும் கணிதத்தைப் பயன்படுத்துவது பற்றித் தம் செலவில் நூல் ஒன்றை வெளியிட்டார். முன்பதிவு செய்து வாங்கியோர் 51 பேர். அவருள் பெரும்பாலோர்க்கு நூல் விளங்கியிருக்க வழியில்லை. அந்நூலில் அவர் புகுத்திய சொல் 'நிலைச் சார்பு'. ஒரு பொருள் வெளியில் ஓரிடத்தில் இருப்பதனாலேயே பெறும் தன்மையை, அவ்விடத்திற்குரிய ஒரே எண்ணால் குறிக்கும் முறை அது. உயரத்திலுள்ள நீருக்கு எது பொருந்துமோ, அது மின்னேற்றத்திற்கும் பொருந்துமாறு கணிதம் விரிந்தது.

ஆதரவாளர் ஒருவரின் தூண்டுதலால் 1833 இல், தம் நாற்பதாம் வயதில், கிரீன் கேம்பிரிட்சு பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். 1837 இல் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றார். ஆனால் 1841 இல் மறைந்தபோது அவரது பெருமையை உலகம் அறியவில்லை. 1845 இல் வில்லியம் தாம்சன் என்னும் இளைஞர் அந்நூலின் படி ஒன்றைக் கண்டு வியந்து, பின்னர் அதனை ஜெர்மானிய ஆய்விதழ் ஒன்றில் மறுபதிப்புச் செய்வித்தார். அக்காற்றாலை 1986 இல் மீண்டும் சுழலத் தொடங்கியது. 1993 இல் வெசுட்டுமின்சுட்டர் திருக்கோவிலில் அவருக்கு நினைவுக்கல் பதிக்கப்பட்டது.

கிரீனிடம் அறிவு இருந்தது, உழைப்பு இருந்தது. அவருக்குக் கிடைக்காதது உடனிருந்து கற்பிக்கும் கூட்டம். கிடைத்த ஒன்று, பலர் சந்தா சேர்த்து நடத்திய ஒரு நூலகம். அவ்வொன்றே அவரை ஏடுகளிடம் சேர்த்தது. ஒரு கல்விக் கழகம் எதற்கு என்று கேட்போர்க்கு இதனினும் சிறந்த விடை வேண்டுவதில்லை.

பெயர் சூட்டிய காலம்

'ஆற்றல்' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லை இயங்கும் பொருளின் உயிர் விசைக்கு முதலில் வழங்கியவர் தாமசு யங். அவரது சொற்பொழிவுகள் 1807 இல் நூலாயின. எனினும் அச்சொல் நிலைபெற மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. தேங்காய் தரையில் விழுந்தபின் அதன் ஆற்றல் எங்கே போயிற்று என்பது தீராத வினாவாக இருந்தது.

அதனைத் தீர்த்தவர்களுள் தலையாயவர் மான்செசுட்டர் பகுதியில் மதுவடி ஆலை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த ஜூல். இறங்கும் எடைகளால் நீருக்குள் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றி, நீர் எவ்வளவு சூடேறுகிறது என்று நுண்ணிய வெப்பமானிகளால் அளந்தார். ஒரு பவுண்டு நீரை ஒரு பாரன்கீட்டுப் பாகை சூடாக்க 772 அடி-பவுண்டு வேலை வேண்டும் என்பது 1849 இல் அவர் அளித்த முடிவு. மறைந்ததாகத் தோன்றிய ஆற்றல் வெப்பமாக மாறி வாழ்கின்றது என்பது உறுதியாயிற்று. 1842 இல் ஜெர்மானிய மருத்துவர் மாயரும், 1847 இல் எல்ம்கோல்ட்சும் இதே உண்மையை வேறு வழிகளில் எடுத்துரைத்தனர். ஆற்றல் அழிவின்மை விதி இவ்வாறு நிலைபெற்றது.

1853 இல் இசுகாட்லாந்துப் பொறியாளர் இராங்கின் 'நிலை ஆற்றல்' என்னும் பெயரைப் படைத்தார். 1862 இல் தாம்சனும் டெய்ட்டும் 'இயக்க ஆற்றல்' என்னும் பெயரை வழங்கினர். பாடநூலில் அடுத்தடுத்த வரிகளில் நிற்கும் இவ்விரு பெயர்களும் தோன்றிய கதை இதுவே.

நம் நாட்டு நீரின் கதை

ஐரோப்பாவில் பிறந்த இவ்வறிவு நம் மலைகளையும் வந்தடைந்தது. நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932 இல் இயங்கத் தொடங்கியது. அங்கு நீர் 900 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து குழாய்வழி இறங்குகின்றது. 900 மீட்டர் எனக் கொண்டாலே, ஒரு லிட்டர் நீர் 8,820 ஜூல் நிலை ஆற்றல் உடையது. இறங்கும்போது அது இயக்க ஆற்றலாகி, சுழலியைச் சுழற்றி, மின்னாற்றலாக மாறுகின்றது. 1934 இல் மேட்டூர் அணை நிறைவுற்றது. இத்தகைய பணிகளில் மண்ணும் கல்லும் சுமந்தவர்களின் பெயர்கள் கல்வெட்டில் இல்லை.

இந்திய நாட்டின் நீராற்றல் வரலாற்றில் அண்ணல் அம்பேத்கருக்கு உள்ள இடத்தை நம்மவருள்ளும் பலர் அறியார். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் அவர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். நீர்ப்பாசனமும் மின்னாற்றலும் அத்துறையின் பொறுப்பில் இருந்தன. 1943 இல் தாமோதர் ஆறு பெருக்கெடுத்து வங்கத்தை வருத்தியது. அவ்வாற்றை அடக்கி, வெள்ளத் தடுப்பு, பாசனம், மின்னாற்றல் ஆகிய பல பயன்களையும் ஒருங்கே பெறும் திட்டத்தை வகுப்பதில் அண்ணல் முன்னின்றார். 1945 சனவரி 3 ஆம் நாள் கல்கத்தாவில் நடந்த மாநாட்டில் அத்திட்டத்தைப் பற்றி உரையாற்றினார். நாடு விடுதலை பெற்றபின் 1948 இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் அமைந்தது.

1927 மார்ச்சுத் திங்களில், மகாடு நகரின் சௌதார் குளத்தில் ஒரு கை நீர் அள்ளிக் குடிக்கும் உரிமைக்காக மக்களைத் திரட்டி நடந்தவர் அவர். அதே மனிதர், பதினைந்து ஆண்டுகள் கழிந்தபின், நாட்டின் பேராறுகளுக்குத் திட்டம் வகுக்கும் பொறுப்பில் அமர்ந்தார். தொட்டால் தீட்டு என்று சொல்லப்பட்ட கை, ஆறுகளின் ஆற்றலைக் கணக்கிடும் கோப்புகளில் கையொப்பமிட்டது. அக்கையை அங்கே சேர்த்தது கல்வி.

முடிவுரை

சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டும் அன்று, வேலை செய்வோரையே பிரித்து வைக்கும் ஏற்பாடு என்று 1936 இல் அண்ணல் எழுதினார். அப்பிரிவினையால் இழப்பு உழைப்பவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. கருவியைத் தொடாதவர் ஏட்டினை வைத்திருந்தனர். ஏட்டினைத் தொடக்கூடாதவர் கருவியை வைத்திருந்தனர். அந்நிலையில் அறிவு எங்ஙனம் வளரும்? சுமீட்டனின் சக்கரமும், கிரீனின் காற்றாலையும், ஜூலின் துடுப்பும் காட்டும் பாடம், கையும் ஏடும் சேருமிடத்தில் அறிவு பிறக்கும் என்பதே.

நம் இளைஞர்களில் பலர், இயற்பியலும் கணிதமும் நமக்கு வாராது என்று எண்ணி ஒதுங்குகின்றனர். அவ்வெண்ணம் நமக்குள் பிறந்ததன்று. பிறர் நமக்குள் இட்டது. ஓராண்டே பள்ளி கண்ட ஆலைக்காரர் கற்ற கணிதம் நம் பிள்ளைகளுக்கும் வரும். ஏற்றத்தின் இயல்பை உடலால் அறிந்த குடும்பத்துப் பிள்ளைக்கு நிலை ஆற்றல் என்பது அயலான செய்தி அன்று, வீட்டுச் செய்தி.

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கழகம் சிறிது சிறிதாகச் சேர்த்தது, உயரத்தில் தேக்கிய நீர் போன்றது. தேங்கிய நீர் தானாக விளக்கேற்றுவதில்லை. மதகு திறந்து, பாய்ந்து, சக்கரத்தைச் சுழற்றினால்தான் ஒளி பிறக்கும். கழக நூலகத்தின் அலமாரியில் இயற்பியல் நூல்களும் உள. ஒரு மாலைப்பொழுதில் அவற்றுள் ஒன்றை எடுத்து, இக்கட்டுரையில் கண்ட தேங்காயின் கணக்கைத் தாமே ஒருமுறை போட்டுப் பார்க்குமாறு இளைஞர்களை அன்புடன் வேண்டி அமைகின்றேன்.